பாய்காட்: ஒரு காரியஸ்தரின் பெயர்

1880 நவம்பரில் அயர்லாந்தின் மேற்குக் கோடியில், லாக் மாஸ்க் என்ற ஏரிக்கரைப் பண்ணை ஒன்றில் டர்னிப் கிழங்கு தோண்டுவதற்காக, பிரிட்டிஷ் அரசு ஏறக்குறைய 1,000 படைவீரர்களையும் போலீஸாரையும் காவலுக்கு நிறுத்தியது. வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் 50 பேர்தான். அவர்களும் வடக்கே கவன், மொனாகன் மாவட்டங்களிலிருந்து ரயிலில் வரவழைக்கப்பட்டவர்கள். கிழங்கு, தானியம் எல்லாம் சேர்த்தும் விளைச்சலின் மதிப்பு 500 பவுண்டைத் தாண்டாது. அதை வீடு கொண்டுசேர்க்க ஆன செலவு 10,000 பவுண்டுக்குக் குறையாது என்று கணக்கிட்டார்கள். தோண்டிய ஒவ்வொரு கிழங்குக்கும் அரசு ஒரு ஷில்லிங் செலவழித்தது என்று ஐரிஷ் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் மேடைகளில் சொன்னார்.

சுற்றுவட்டாரத்தில் கூலிக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. ஆள் இருந்தார்கள், பசியும் இருந்தது. ஆனாலும் அந்தப் பண்ணை வாசலை மிதிக்க ஒருவரும் தயாராக இல்லை. பண்ணைக்காரரின் பெயர் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். அந்த இலையுதிர் காலம் முடிவதற்குள் அவருடைய குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது.

அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. நாட்டு நிலத்தில் பாதி 800-க்கும் குறைவான குடும்பங்களின் கையில். அவர்களில் பலர் நிலம் இருந்த ஊரில் வாழ்ந்ததே இல்லை. குத்தகையை வசூலித்து அனுப்ப ஒரு காரியஸ்தர் இருப்பார். குடியானவர்களுக்கு அரசு, சட்டம், எஜமான் எல்லாம் அவர் முகம்தான். உழுத நிலத்தின் மீது குத்தகைதாரருக்கு உரிமை ஏதும் கிடையாது. பாக்கி விழுந்தால் கோர்ட் அமீனா நோட்டீஸோடு வருவார். அவர் பின்னால் போலீஸ் வரும். கடைசியில் தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் எறிந்துவிட்டுக் கதவை அடைத்துவிடுவார்கள். பல இடங்களில் கூரையையே பிரித்துப்போடுவார்கள்.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து தொடங்கிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். லாக் மாஸ்க் இருந்த மேயோ மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டவற்றில் ஒன்று. 1879-இல் ஓயாத மழையில் மறுபடியும் கிழங்கு அழுகியபோது, பழைய பஞ்சத்தில் பெற்றோரையோ பிள்ளைகளையோ பறிகொடுத்தவர்கள் அதே ஊர்களில் உயிரோடு இருந்தார்கள். இரண்டாவது முறை அப்படிச் சாக அவர்கள் தயாராக இல்லை.

அவர்களைத் திரட்டியவர் மைக்கேல் டேவிட். 1846-இல், பஞ்சத்தின் நடுவில், மேயோவில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு இங்கிலாந்துக்குப் போனது. அங்கே ஒரு பஞ்சாலையில் 11 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையை இழந்தார். பிற்பாடு ஆயுதப் புரட்சிக்காரர்களோடு சேர்ந்து சிறைக்கும் போனார். அவர் முயற்சியில் 1879 அக்டோபர் 21 அன்று மேயோவின் தலைநகரான கேஸில்பாரில் ஐரிஷ் தேசிய நிலச் சங்கம் பிறந்தது. தலைவராக அமர்ந்த பார்னெலோ ஒரு நிலப்பிரபு, புராட்டஸ்டன்ட் மதத்தவர். நியாயமான குத்தகை, நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமை, தான் செய்த மேம்பாட்டைக் கைமாற்றும் உரிமை ஆகியவை சங்கத்தின் கோரிக்கைகள்.

இந்தச் சூழலில்தான் பாய்காட் வருகிறார். அவரை ராட்சசனாகக் காட்டும் கதைகள் உண்டு. சான்றுகள் அந்த அளவுக்குப் போவதில்லை. 1832-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். 39-ஆம் காலாட்படையில் சில காலம் அதிகாரியாக இருந்தார். (இந்தியாவுக்கு முதன்முதலில் அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் அரசப் படை அதுதான், 1754-இல் சென்னைக்கு வந்தது. பாய்காட் சேர்ந்தது அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுக்குப் பிறகு.) படையை விட்டபின் ஆக்கில் தீவில் நிலம் பிடித்துப் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1873-இல் லாக் மாஸ்க் வந்து, எர்ன் பிரபுவுக்குக் காரியஸ்தரானார். அயர்லாந்தில் ஏறக்குறைய 40,000 ஏக்கர் வைத்திருந்த எர்ன் பிரபுவுக்கு மேயோவில் இருந்தது 2,000 ஏக்கருக்குச் சற்று அதிகம். அந்தச் சிறு துண்டைப் பார்த்துக்கொள்வதோடு பாய்காட் தனக்கென்றும் 600 ஏக்கருக்கு மேல் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார்.

அவர் மீது மக்களுக்கு இருந்த கசப்பு சின்னச் சின்ன விஷயங்களில் ஊறியது. காலங்காலமாக விறகு பொறுக்கிய இடத்தில் பொறுக்கக் கூடாது என்றார். கோழியோ ஆடோ அவர் எல்லைக்குள் வந்தால் அபராதம் போட்டார். சட்டப்படி அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. ஆனால் ஏழைக்கு ஒரு சுமை விறகு என்பது அந்த வாரத்து அடுப்பு. இதையெல்லாம் சகித்துக்கொண்டிருந்தவர்கள் 1880-இல் குத்தகையில் கால் பங்கைக் குறைக்கச் சொன்னார்கள். எர்ன் பிரபு 10 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொல்லி அதோடு நின்றார். பாய்காட் பாக்கிக்காரர்கள் 11 பேரை வெளியேற்ற உத்தரவு வாங்கினார்.

அதற்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 19 அன்று, கிளேர் மாவட்டத்தின் எனிஸ் நகரில் பார்னெல் ஒரு பெருங்கூட்டத்தில் பேசியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் துரத்தப்பட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கத் துணிபவனை என்ன செய்வது என்று கேட்டார். சுட்டுத் தள்ள வேண்டும் என்று கூட்டத்திலிருந்து குரல்கள் எழுந்தன. அதைவிட மேலான, கிறித்தவ நெறிக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு என்றார் பார்னெல். சாலையில் அவனைக் கண்டால் விலகிப் போங்கள். கடைவீதியில், சந்தையில், கோயிலில்கூட அவனைத் தனியாக விடுங்கள். தொழுநோயாளியை ஒதுக்குவது போல ஒதுக்குங்கள். அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் புழங்கிய கொடுமையான உவமை அது. ஆனால் கொலைக்கு மாற்றாக அவர் அதை வைத்தார் என்பதை மறக்கக் கூடாது. அயர்லாந்தில் காரியஸ்தர்களும் நிலப்பிரபுக்களும் சுட்டுக் கொல்லப்பட்ட காலம் அது.

எனிஸில் அவர் குறிவைத்தது நிலம் பறிக்கும் குடியானவனை. மேயோ மக்கள் அந்த ஆயுதத்தைக் காரியஸ்தர் பக்கம் திருப்பினார்கள்.

செப்டம்பர் 22 அன்று அமீனா 17 போலீஸ்காரர்களோடு கிளம்பினார். நோட்டீஸைக் குடும்பத் தலைவர் கையிலோ அவர் மனைவி கையிலோ கொடுத்தால்தான் செல்லும். மூன்று வீடுகளில் கொடுத்து முடித்தார். அடுத்த வீட்டுப் பெண் வாங்க மறுத்தார். அதற்குள் சிவப்புத் துணியை ஆட்டிச் சைகை போக, சுற்றுப்புறத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். கல், சேறு, சாணி, கையில் கிடைத்ததெல்லாம் பறந்தது. அமீனாவும் போலீஸும் பாய்காட் வீட்டுக்குள் ஓடி ஒளிய வேண்டியதாயிற்று. நிலச் சங்கத்து வரலாற்றில் டேவிட், பார்னெல் பெயர்களைத்தான் எழுதுகிறார்கள். அன்று நோட்டீஸைத் தடுத்து நிறுத்தியது மேயோப் பெண்கள்.

மறுநாள் ஊர் திரண்டு பண்ணைக்கு வந்தது. வேலைக்காரர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்றது. சிலர் மனமொப்பி வந்தார்கள். சிலர் பயந்து வந்தார்கள். பொழுது சாயும்போது பெரிய வீட்டில் பாய்காட், அவர் மனைவி, உறவினர் சிலர், விருந்தினர் ஒருவர் என்று விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் மிஞ்சினார்கள்.

அடுத்த சில வாரங்கள் எப்படி இருந்தன என்று பாய்காட்டே லண்டன் டைம்ஸ் நாளிதழுக்கு அக்டோபர் 14 தேதியிட்டு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். அவருக்கு வேலை செய்தால் கொன்றுவிடுவோம் என்று கொல்லருக்கு மொட்டைக் கடிதம் வந்தது. துணி வெளுக்கும் பெண்ணும் வரக் கூடாது என்று உத்தரவானது. தபால் பை தூக்கிவந்த சிறுவன் வழியில் அடிக்கப்பட்டான். பக்கத்து ஊரான பாலின்ரோப்பில் கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். மளிகையை ஏரியின் மறுகோடியில் இருந்த காங் என்ற ஊரிலிருந்து படகில் கொண்டுவர வேண்டியிருந்தது. வேலிக் கதவுகள் இரவில் திறந்துவிடப்பட்டன, பூட்டுகள் உடைக்கப்பட்டன, சுவர்கள் இடிக்கப்பட்டன. பயிரில் மாடுகள் மேய்ந்தன. பாய்காட்டும் வீட்டில் இருந்தவர்களும் தாங்களே பால் கறந்தார்கள், குதிரைக்குத் தீனி வைத்தார்கள், ரொட்டி சுட்டார்கள். வீட்டைச் சுற்றிப் போலீஸ் காவல் இருந்தது. ஆனால் குதிரைக்கு லாடம் அடிக்கவோ சட்டையைத் துவைக்கவோ போலீஸால் உத்தரவு போட முடியாது.

இதில் மிரட்டல் கலந்திருந்தது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. அடிவாங்கிய தபால் சிறுவன் எந்த நிலப்பிரபுவுக்கும் காரியஸ்தன் இல்லை. அதேசமயம் வெறும் மிரட்டலால் ஒரு வட்டாரம் முழுவதையும் பல வாரங்கள் கட்டிவைக்க முடியாது. கடைக்காரருக்கு வியாபாரம் போயிற்று. கூலிக்காரருக்கு அறுவடைக் கூலி போயிற்று. விளைச்சல் இல்லாத ஆண்டில் அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டார்கள்.

பாய்காட்டின் கடிதம் வெளியானதும் அவர் இங்கிலாந்து முழுவதற்கும் பேசுபொருளானார். லண்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நிருபர்கள் வந்து இறங்கினார்கள். பத்திரிகைகளின் முயற்சியில் நிதி திரண்டது. பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரித்த புராட்டஸ்டன்ட்டுகளான ஆரஞ்சு இயக்கத்தவர் நூற்றுக்கணக்கில் ஆயுதங்களோடு மேயோவுக்குள் நுழைவார்கள் என்று பேச்சு எழ, மதக் கலவரம் மூளும் என்று அஞ்சிய அரசு 50 பேருக்கு மட்டும் அனுமதி கொடுத்துப் படையையும் கூட அனுப்பியது. நவம்பர் 11 அன்று அவர்கள் க்ளேர்மாரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, படை புடைசூழ பாலின்ரோப் போய், அங்கிருந்து பண்ணைக்குப் போனார்கள்.

உள்ளூர்ப் பங்குத் தந்தை ஜான் ஒமாலி ஊராருக்கு ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: யாரும் சாலைப் பக்கம் வராதீர்கள், ஒரு கல்கூட எறியாதீர்கள். யாரும் எறியவில்லை. சண்டைக்குத் தயாராக வந்த படை சும்மா கூடாரம் போட்டு உட்கார்ந்தது. அந்த மாதம் மழை கொட்டித் தீர்த்தது, காற்றும் பலமாக வீசியது. படை முகாமிட்ட இடமெல்லாம் சேறானது, பண்ணை மரங்கள் விறகாயின. பயிரைக் காப்பாற்ற வந்த படையாலேயே பாய்காட்டுக்கு நஷ்டம் கூடியது.

இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. நவம்பர் 27 அன்று பாய்காட் குடும்பமும் கிளம்பியது. வண்டி ஓட்ட ஆள் கிடைக்காததால் ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில் போனார்கள். டப்ளினில் தங்கிய ஓட்டலின் உரிமையாளருக்கும் மிரட்டல் கடிதம் வர, டிசம்பர் 1 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள்.

பெயர் சொல்லாகிய கதையை ஜேம்ஸ் ரெட்பாத் பதிவு செய்திருக்கிறார். அடிமை முறைக்கு எதிராக எழுதிப் பெயர் பெற்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அவர். ஐரிஷ் நிலப் போராட்டத்தை நேரில் காண வந்திருந்தார். ஒருநாள் தந்தை ஒமாலியோடு உணவருந்திக்கொண்டிருந்தபோது ரெட்பாத் சாப்பிடாமல் யோசனையில் இருந்தாராம். என்ன என்று தந்தை கேட்டார். மக்கள் ஒரு நிலப்பிரபுவையோ காரியஸ்தரையோ ஒதுக்கிவைக்கும்போது அதைச் சொல்ல ஒரு சொல் தேவை. பண்டைய ஏதென்ஸ் நகரத்தார் பானை ஓட்டில் பெயர் எழுதி வாக்களித்து ஒருவரை நாடு கடத்திய வழக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது, ஆனால் குடியானவர்களுக்கு அது புரியாதே என்றார் ரெட்பாத். தந்தை நெற்றியைத் தட்டிக்கொண்டு, ‘அவனை பாய்காட் செய்’ என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

ரெட்பாத் அதை அமெரிக்கப் பத்திரிகைகளில் உடனே பயன்படுத்தினார். நவம்பரில் லண்டன் டைம்ஸிலும் சொல் இடம்பெற்றது, மேற்கோள் குறிகளோடு. டிசம்பரில் முதல் எழுத்தைச் சிறியதாகப் போட்டே சில இதழ்கள் அச்சிட்டன. ஆங்கிலத்தில் ஒரு மனிதரின் பெயர் பொதுச்சொல்லானதற்கு அதுவே அடையாளம். மிக விரைவில் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்ய மொழிகள் அதை எடுத்துக்கொண்டன. ஜப்பானியமும் பின்னால் சேர்ந்தது. ஜேம்ஸ் மர்ரே பதிப்பித்த பெரும் ஆங்கில அகராதியில் 1880-களிலேயே அது ஏறிவிட்டது, பாய்காட் உயிரோடு இருக்கும்போதே. அவர் 1881-இல் நியூயார்க் போனபோது கன்னிங்ஹாம் என்ற பெயரில்தான் பயணம் செய்தார். பிறகு லாக் மாஸ்க் திரும்பி 1886 வரை அங்கேயே இருந்தார். ஊராரும் அவரை விட்டுவிட்டார்கள். கடைசியில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் இன்னொரு பண்ணைக்குக் காரியஸ்தராகி, 1897-இல் 65 வயதில் இறந்தார்.

நிலப் போராட்டத்துக்குப் பலன் கிடைத்தது. 1881-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம், குத்தகையை நிர்ணயிக்கும் பொறுப்பை நிலப்பிரபுவிடமிருந்து எடுத்துச் சிறப்பு நீதிமன்றத்திடம் கொடுத்தது. அதே ஆண்டில் பார்னெலைச் சிறையிலும் வைத்தது அரசு. 1903-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, அரசுக் கடனில் குத்தகைதாரர்கள் பெருமளவில் நிலத்துக்கே சொந்தக்காரர் ஆனார்கள்.

ஒதுக்குவதும் வாங்க மறுப்பதும் மேயோவில் பிறந்த வழக்கமில்லை. 1791-இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதாவை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தோற்கடித்தபோது, வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு துண்டு வெளியீடு எழுதினார். மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை வாங்குகிறவர் அடிமைகளின் ரத்தத்துக்குப் பொறுப்பாளி என்பது அதன் சாரம். சுமார் 3 லட்சம் பேர் அந்தச் சர்க்கரையை விட்டார்கள் என்று ஒழிப்பு இயக்கத்தின் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வாக்குரிமை இல்லாத பெண்கள் சமையலறையிலிருந்து நடத்திய போராட்டம் அது. இந்தியச் சர்க்கரை அடிமைகள் செய்யாதது என்று சொல்லி விற்றவர்களும் உண்டு.

ஆனால் மேயோவுக்குப் பிறகு அந்தச் செயலுக்கு ஒரு சொல் கிடைத்தது. ஒரு ஊரில் நடந்ததை இன்னோர் ஊர் தந்தியில் படித்து, ‘நாமும் அதைச் செய்வோம்’ என்று தீர்மானிக்க முடிந்தது.

வங்கத்துக்கு அது அப்படித்தான் வந்தது. வைஸ்ராய் கர்சன் பிரபு மாகாணத்தைப் பிரிக்கப்போவது தெரிந்ததும், கிருஷ்ண குமார் மித்ராவின் சஞ்ஜீவனி வார இதழ் 1905 ஜூலை 13 அன்று பிரிட்டிஷ் சரக்குகளை பாய்காட் செய்ய வேண்டும் என்று எழுதியது. ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய பெருங்கூட்டம் அதை ஏற்றது. லங்காஷயர் துணி, லிவர்பூல் உப்பு, அந்நியச் சர்க்கரை ஆகியவை குறிகளாயின. சில ஊர்களில் சலவைத் தொழிலாளர் அந்நியத் துணியைத் துவைக்க மறுத்தார்கள். புரோகிதர் அந்நியத் துணி புழங்கிய கல்யாணத்துக்கு வர மறுத்தார். மேயோவின் கொல்லரும் துணி வெளுக்கும் பெண்ணும் இங்கே வேறு உருவில் வந்துவிட்டார்கள்.

தூத்துக்குடி இன்னும் நெருக்கமான உதாரணம். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. அந்த நாட்களில் ஆங்கிலேயர் பக்கம் பேசியவர்களுக்கு ஊரில் சவரம் செய்ய ஆள் இல்லை, துணி வெளுக்க ஆள் இல்லை. வழக்கறிஞர் ஒருவர் சவரத்துக்கு உட்கார்ந்து, பேச்சுவாக்கில் வ.உ.சி.யைப் பழித்துப் பேச, நாவிதர் பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்து போனார் என்ற செய்தி இன்றும் தூத்துக்குடியில் சொல்லப்படுகிறது. வ.உ.சி. மார்ச் 12 அன்று கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். சவரத் தொழிலாளியும் சலவைத் தொழிலாளியும் அதுவரை ஊர்க்கட்டுப்பாட்டுக்கு ஆட்பட்டவர்கள். மறுக்கும் உரிமை தங்கள் கையிலும் உண்டு என்று அவர்கள் காட்டிய நாட்கள் அவை. வ.உ.சி. நடத்திய சுதேசிக் கப்பலைப் பற்றி எழுதியதில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றி எழுதப்படவில்லை என்பது வருத்தம்தான்.

1931-இல் யாழ்ப்பாணமும் அந்தச் சொல்லை எடுத்தது. டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்கு எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. ஆனால் சுயராஜ்யம் கொடுக்கவில்லை. ஹண்டி பேரின்பநாயகம் போன்றோர் வழிநடத்திய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், அந்த ஆண்டு கமலாதேவி சட்டோபாத்யாயா தலைமையில் மாநாடு கூட்டி, தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. மே 4 அன்று யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளில் ஒரு வேட்புமனுகூட விழவில்லை. தென்னிலங்கைத் தலைவர்கள் அதே வழியில் வரவில்லை. 1934-இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அந்த இருக்கைகள் காலியாகவே கிடந்தன. அதனால் வடக்கு தன் குரலை இழந்தது என்பாரும், முழு விடுதலை கேட்ட துணிவு அது என்பாரும் இன்றுவரை உண்டு. வெளியே நிற்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை நான்கு காலி இருக்கைகளும் காட்டின.

வங்கத்திலேயே இன்னொரு பக்கமும் தெரிந்தது. அந்நியத் துணி மலிவு, சுதேசித் துணி விலை அதிகம். ஏழை முஸ்லிம் குடியானவர்களையும் சில்லறை வியாபாரிகளையும் இந்து ஜமீன்தார்கள் வற்புறுத்திப் பகிஷ்காரத்தில் இழுத்தபோது, அது நிலப்பிரபுவின் கையில் இருந்த பழைய சாட்டைக்குப் புதுப் பெயராகிவிட்டது. தாகூர் 1916-இல் வெளியிட்ட ‘கரே பைரே’ நாவல் அந்தக் காயத்தைத்தான் தொடுகிறது.

பகிஷ்காரம் எப்போது நியாயம், எப்போது சாட்டை என்ற கேள்வியை மிகத் தெளிவாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டவர் மார்ட்டின் லூதர் கிங். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை வெள்ளையருக்கு விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. பயணிகளில் பெரும்பகுதி அவர்கள்தான். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மைல்கணக்கில் நடந்தார்கள். தேவாலயங்கள் கார்களைத் திரட்டி, ஏறும் இடம், இறங்கும் இடம் குறித்துப் போக்குவரத்து நடத்தின. 381 நாள் அது நீடித்தது. தொடக்கத்தில் பாய்காட் என்ற சொல்லே கிங்குக்கு உறுத்தியது. இனப் பாகுபாட்டைக் காக்க வெள்ளையர் அமைத்த சங்கங்கள் அதே முறையில்தான் கறுப்பினத்தவரின் வேலையையும் கடனையும் பறித்தன. தாம் செய்வது ஒரு கம்பெனியை நசுக்குவதற்கில்லை, ஒரு தீமைக்குத் தரும் ஒத்துழைப்பை நிறுத்திக்கொள்வது என்று யோசித்துத் தெளிந்த பிறகே அவர் மனம் அமைதியானதாகத் தன் நூலில் எழுதியிருக்கிறார். 1956 பிப்ரவரியில் கிங் உட்பட 89 பேர் மீது குற்றப்பத்திரிகை வந்தது. அதற்கு அரசு பயன்படுத்தியது, பாய்காட்டைத் தடைசெய்யும் 1921-ஆம் ஆண்டு அலபாமா சட்டத்தை.

அந்த அலபாமா சட்டம் வந்து ஓராண்டு கழித்து, 1922-இல், பர்மாவில் பிரிட்டிஷார் ஒரு பாய்காட் தடைச் சட்டம் போட்டார்கள். பர்மிய தேசியவாதிகளை அடக்குவதற்கான சட்டம் அது. நமக்கு அது முக்கியமாவது வேறொரு காரணத்தால்.

1930-இல் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியபோது, ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் சென்னை மாகாணத்திலிருந்து போன இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தை அளித்தார்கள். அதில் ஒரு பகுதி சமூகப் பகிஷ்காரத்தைக் குற்றமாக்க வேண்டும் என்றது. பம்பாய் அரசு 1928-இல் அமைத்த குழுவின் கண்டறிதல்களை அவர்கள் ஆதாரமாகக் காட்டினார்கள்: பொதுக்கிணற்றில் நீர் எடுத்ததற்காக, நல்ல உடையும் நகையும் அணிந்ததற்காக, நிலம் வாங்கியதற்காக, மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றித் தெருவில் ஊர்வலம் விட்டதற்காக, ஊரே சேர்ந்து தாழ்த்தப்பட்டோரை ஒதுக்கிவைத்தது. நிலமும் கூலியும் கடையும் ஆதிக்க சாதிகளின் கையில் இருக்கும்போது, அந்த ஒதுக்கலுக்கு அடிதடிகூடத் தேவையில்லை, பட்டினியே போதும்.

அந்தக் குற்றத்துக்குச் சட்ட மொழியில் வரையறை வேண்டியிருந்தது. அதை பர்மாச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். வீடோ நிலமோ வாடகைக்குத் தர மறுப்பது, கூலிக்கு வேலை செய்யவோ வேலை கொடுக்கவோ மறுப்பது, வழக்கமான கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது, சேவை தர மறுப்பது எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. ஆள்பவர்கள் அடிமை நாட்டு மக்களுக்கு எதிராக எழுதிய வாசகத்தை, அந்த நாட்டிலேயே மிகக் கீழே தள்ளப்பட்டவர்களின் கேடயமாக மாற்றும் முயற்சி அது. சட்ட நூல்களை வரிவரியாகப் படித்த ஒருவருக்குத்தான் அது தோன்றியிருக்கும். 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்கு எழுதிய குறிப்பிலும் அம்பேத்கர் அந்தப் பகுதியை மறுபடி வைத்தார். அரசியலமைப்பில் தீண்டாமை ஒழிப்பு இடம்பெற்றது. பகிஷ்காரத்தைப் பற்றித் தனியாக ஏதும் வரவில்லை.

அது சட்டத்தில் விரிவாக வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. மகாராஷ்டிரம் 2016-இல் சாதிப் பஞ்சாயத்துகளின் சமூகப் பகிஷ்காரத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தத்தின்படி சமூகப் பகிஷ்காரமும் பொருளாதாரப் பகிஷ்காரமும், அப்படிச் செய்வதாக மிரட்டுவதும்கூட, ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள்.